கல் சுமந்தவர் பெயர் என்ன?

வட்டக்கோட்டைக்குச் செல்வோர் காண்பது கருங்கல் மதில். மதிலுக்கு அப்பால் கடல். இதனைப் புதுக்கிக் கட்டியவர் யார் என்று கேளுங்கள், விடை உடனே வரும். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் வென்றவனிடமே படைத்தலைவனாகிய டச்சுக் கம்பெனிப் படைவீரர் தெ லனாய்! கட்டுவித்தவர் யார்? திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா! சரி, கல் சுமந்தவர் யார்? விடை இல்லை. அலை மோதுகிறது, மதில் வாய் திறக்க மறுக்கிறது.

இசை பற்றி எழுத வந்த நாம் கோட்டைக் கதை பேசுவானேன் என்று தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. கல்லுக்கு நேர்ந்த கதி பாட்டுக்கும் நேரலாமா என்பதுதான் இன்று நம் முன் நிற்கும் கேள்வி.

2018ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஓர் இசைக்குழு மேடை ஏறியது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது அதன் பெயர். சாதியற்றோர் கூட்டு என்று பொருள். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கலைஞர்கள் பத்தொன்பது பேர். 'சாதி பேதமற்ற திராவிடர்' என்ற முழக்கத்தை எழுப்பி, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர் அது. பெயரே ஒரு போர்ப்பறை!

மேடையில் நின்ற கருவிகளைப் பாருங்கள். ஒருபுறம் கிதார், மறுபுறம் பறை, சட்டி, கட்டை மோளம். சாவு வீட்டு வாசலோடு நிற்க வேண்டும் என்று சமுதாயம் ஒதுக்கி வைத்த கருவிகள் இவை. கானாவும் அப்படித்தான். பிணத்தருகே விடிய விடியப் பாடலாம். மண்டபத்தில் பாடக் கூடாது! அந்தக் கானாவை ராப்போடும் ராக்கோடும் தோளோடு தோள் சேர்த்து, நடு மேடையில் நிமிர்ந்து நிற்க வைத்தது இக்குழு. இடஒதுக்கீடு ஏன் என்பதைத் தெருப் பேச்சிலே விளக்குகிறது ஒரு பாட்டு. மாட்டுக்கறி உண்பவனை இழிவாகப் பார்க்கும் கண்ணை எள்ளி நகையாடுகிறது மற்றொன்று. பத்துப் பக்கக் கட்டுரை செய்யும் வேலையைப் பத்து நிமிடத்திற்குள் செய்து முடிக்கும் பாட்டுகள்!

இந்தக் குழுவில் பாடியவர் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் குரல் எழுப்பிய பெண். பி.பி.சி. நிறுவனம் 2020ஆம் ஆண்டு உலகின் நூறு பெண்களைத் தேர்ந்தெடுத்தபோது அப்பட்டியலில் இவரும் இருந்தார். கோயில் நுழைவு உரிமை கேட்டு அவர் பாடிய பாட்டொன்று மேடையேறி ஆண்டுகள் பல கழிந்த பின், 2024 நவம்பரில் அதற்கு எதிராகக் கூச்சல் கிளம்பியது, மிரட்டல்களும் வந்தன. நாஞ்சில் நாட்டாருக்கு இது புதிய கூச்சலா? வட்டக்கோட்டையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை சுசீந்திரம். அங்கே, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1926இல் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது! 1936 நவம்பரில் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. கதவு திறந்தது, கூச்சல் ஓயவில்லை. இசைவாணி பாட்டுக்கு எழுந்த எதிர்ப்பே அதற்குச் சான்று.

பாராட்டை மட்டும் அள்ளி வழங்கினால் அது திறனாய்வு ஆகாது. குறையையும் கூறுவோம். இக்குழுவின் சில பாடல்களில் முழக்கம் முந்திக்கொள்கிறது. மெட்டு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது. கானாவுக்கு அழுகை உண்டு, கேலி உண்டு, காதல் உண்டு. சினம் ஒன்றே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால் மற்றவை எங்கே போகும்? சென்னைப் பேச்சே பாட்டின் மொழி என்பதில் தவறில்லை. ஆயினும், சாதி சென்னையில் மட்டுமா குடியிருக்கிறது?

இதே நாஞ்சில் மண்ணில் வில்லும் உடுக்கும் குடமும் தாளமும் கட்டையும் கொண்டு இரவு முழுதும் கதை பாடும் குழுக்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. கொடை விழாவுக்கு உரியதாயிருந்த அந்த வில்லுப்பாட்டைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அண்ணா எழுதிய 'நல்லதம்பி' 1949இல் திரைக்கு வந்தது. அதில் கலைவாணர் நடத்திய கிந்தனார் காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள். நந்தன் தில்லைக்குப் போனான், தீயில் மூழ்கினான். கிந்தனோ பட்டணம் போனான், படித்தான், உயர்ந்தான்! பழைய வடிவம், புதிய நெஞ்சம். சிரித்துக்கொண்டே சாட்டையைச் சுழற்றிய அந்தக் கலை நயத்தையும் இன்றைய இளைஞர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நம் விழைவு.

இனி, கடல் கடந்த கதைக்கு வருவோம்.

இக்குழுவில் பாடிப் பெயர் பெற்றவர் அரக்கோணத்துத் தெருக்குரல் அறிவு. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடினார். சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையே அறிவு அதில் பாட்டாக்கினார். பாட்டு உலகைச் சுற்றியது, கோடிக்கணக்கானோர் கேட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில், பெயர் பெற்ற இசை இதழொன்றின் இந்தியப் பதிப்பு அப்பாட்டைப் புகழ்ந்து அட்டை போட்டது. அட்டையில் எழுதியவன் முகம் இல்லை! கண்டனம் எழுந்த பிறகே அறிவின் படம் தாங்கிய இணைய அட்டை தனியே வந்தது. 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாட்டு அறிவு இல்லாமலேயே ஒலித்தது. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் தரப்பட்டது. மெட்டில் எவர் பங்கு எவ்வளவு என்பதில் மூவரிடையே கருத்து வேறுபாடும் வெளிப்பட்டது. அந்த வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆனால், பாட்டின் வருவாய் தங்கள் மூவரில் எவர் கைக்கும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே 2024இல் வெளிப்படையாகக் கூறினார். கோடி செவிகள் கேட்டன. பாடியவர் கை வெறுங்கை! இதற்குப் பெயர் உலகப் புகழ் என்றால், அந்தப் புகழை உண்டு பசியாற முடியுமா?

வள்ளியம்மாளைப் போன்றோர் செய்ததும் கடல் கடந்த பயணம்தான். அவர்களுக்கு மாலை இல்லை, மேடை இல்லை, நுழைவுச்சீட்டு விற்பனை இல்லை. காப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் முதுகு ஒடிய உழைத்தனர். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு தலைநகரங்கள் கணக்குப் போட்டன. எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை! அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இதே குமரி மாவட்டத்தின் அரசு ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையில் தேயிலை, இங்கே ரப்பர். மரம் மாறியது, கூலி வாழ்வு மாறியதா?

ஆகவேதான், 2024இல் அறிவு வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரே நம்மைத் தொட்டது. 'வள்ளியம்மா பேராண்டி'! அட்டையில் முகம் மறுக்கப்பட்டவன், தன் பெயருக்கு முன்னே பாட்டியின் பெயரை வைத்தான். ஏட்டில் எண்ணாக இருந்தவள் பாட்டில் பெயரானாள். தொகுப்பின் ஒவ்வொரு பாடலும் ஒரே தரம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தலைப்பு ஒன்றே நம் கேள்விக்குக் கிடைத்த தக்க மறுமொழி.

சொந்தக் காலில் நிற்கும் இசைக்குழுக்களுக்கு நாம் சொல்வது இதுதான். தொகுப்பு வெளியிடுங்கள், கடல் கடந்தும் செல்லுங்கள். இலண்டனும் டொராண்டோவும் பறையொலி கேட்கட்டும்! ஆனால் பறை அடித்தவன் பெயரும் சட்டி தட்டியவன் பெயரும் பாடகன் பெயருக்கு நிகராக அட்டையில் இருக்கட்டும். வருவாயில் அவன் பங்கு எவ்வளவு என்பது, பாட்டு கப்பல் ஏறுமுன் எழுத்தில் இருக்கட்டும். அயல்நாட்டில் ஒரு மேடை ஏறினால், குமரி மாவட்டத்துத் தோட்டக் குடியிருப்பிலும் ஒரு மேடை ஏறுங்கள். அங்கே கேட்போரிடம் நுழைவுச்சீட்டுக்குப் பணம் இருக்காது. உங்கள் பாட்டுக்கு உரிய கதை இருக்கும்.

தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. பாட்டைக் கேட்டுத் தலையாட்டுவதோடு நிறுத்தாதீர்கள். எழுதியவர் யார், அடித்தவர் யார், அவருக்குக் கூலி சேர்ந்ததா என்று கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

வட்டக்கோட்டைக் கல்லைச் சுமந்தவன் பெயரை இனி நம்மால் மீட்க இயலாது. பாட்டைச் சுமப்பவன் நம் கண்முன் நிற்கிறான். அவன் பெயரையும் தொலைத்துவிட்டால், அந்தப் பழியை எந்த மன்னன் தலையில் சுமத்துவோம்?