கொப்பரையும் விண்ணப்பமும்

ஆய்வு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தை வெறும் காகித வேலை என்று ஒதுக்குகிறவர்கள், நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 'வெல்லத்தின் தரத்தை மேம்படுத்துதல்' என்று மட்டும் எழுதினால் யாரும் பணம் தரமாட்டார்கள். கொதிக்கும் கரும்புச் சாற்றில், வெளுக்கச் சேர்க்கும் ரசாயனமான ஹைட்ரோஸுக்குப் பதிலாக வெண்டைத் தண்டின் கொழகொழச் சாற்றை ஊற்றினால் எவ்வளவு அழுக்கு திரண்டு மேலே வரும், வெல்லத்தின் நிறம் எத்தனை வாரம் நிற்கும், எத்தனை கொப்பரை காய்ச்சிப் பார்க்க வேண்டும், அதற்கு என்ன செலவு என்று எழுதும்போதுதான் கேள்வியே பிறக்கிறது. தனக்கு எது தெரியாது என்பது விண்ணப்பம் எழுதும் மாணவருக்கு அங்கேதான் பிடிபடுகிறது. இந்தக் கலையில் நான் ரசிப்பதும் அந்த இடத்தைத்தான்.

சரக்கு இருந்தால் போதும், எழுத்து எதற்கு என்பார்கள். கணித மேதை ராமானுஜனைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அவரோ 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன் வேலை, சம்பளம், கண்டுபிடிப்பு எல்லாவற்றையும் தெளிவாகவே வைத்தார். நிரூபணம் எங்கே என்று ஹார்டி கேட்டதும் உண்மைதான். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது; சும்மா இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் அவர் மூன்று அறிக்கைகளை எழுதிக் கொடுத்திருந்தார்.