எந்த ஊர்க் கதை இது? எழுத வருபவருக்கு இணையம் தருவதும் தராததும்

மூன்று வருஷம் முன்னால் ஒரு கதை எழுதி நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் ஜூலை 14 காலையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புகிறார். கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நடப்பதுதான் கதை. மூலக்குளத்தில் எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்து வளர்ந்தவன் நான். நண்பன் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நல்லாதான்டா இருக்கு. ஆனா இது எந்த ஊர்ல நடக்குது?"

கோபம் வந்தது. கதையைத் திறந்து மறுபடி படித்தேன். கிழவர் ஜன்னலோரம் நிற்கிறார். கண்ணாடியில் மழைத்துளி வழிகிறது. காபிக் கோப்பையில் ஆவி அடங்குகிறது. கை லேசாக நடுங்குகிறது. எங்கள் தெருவில் அந்த வயசுக்காரர் வீட்டில் கண்ணாடி ஜன்னல் ஏது? காலையில் அவர் நிற்கும் இடம் ஜன்னலோரம் இல்லை, வாசல் திண்ணை. முக்கியமான விஷயம், அவரை எங்கள் தெருவில் யாரும் 'ஓய்வுபெற்ற ராணுவ வீரர்' என்று சொன்னதே கிடையாது. 'சொல்தா' என்போம். சொல்தா தாத்தா, சொல்தா வீடு. படைவீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஊர் வாயில் புழங்கி எங்கள் சொல்லாகவே ஆகிவிட்டது. என் கதையில் அது ஓரிடத்தில்கூட இல்லை.

இத்தனைக்கும் நான் 'பயிற்சி எடுத்துக்கொண்டு' எழுதியவன். அதற்கு முந்தைய ஒரு வருஷம், கதை எழுதக் கற்றுத்தரும் எதையெல்லாம் இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடியுமோ அதையெல்லாம் பார்த்திருந்தேன். அந்த ஒரு வருஷத்தில் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. என்னை மாதிரி எழுத ஆரம்பிப்பவர்கள் அந்த ஒரு வருஷத்தை மிச்சம் பிடிக்கலாம்.

*

கதை எழுதச் சொல்லிக்கொடுப்பது தமிழுக்குப் புதிதில்லை. ரா.கி. ரங்கராஜன் 'எப்படிக் கதை எழுதுவது?' என்று அஞ்சல்வழிப் பயிற்சியே நடத்தினார். பின்னால் அது புத்தகமாகவும் வந்தது. இன்று அந்த இடத்தை யூடியூப் எடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் தான் எடுக்கும் வகுப்புகளை அப்படியே காணொளிகளாகப் போட்டிருக்கிறார். அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். கதை தொடக்கத்தில் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது, நடுவில் அதை நோக்கி நகர்கிறது, கடைசியில் அதை நிறைவேற்றுகிறது என்று அவர் விளக்கும் மூன்று படிகள் எனக்கு நிஜமாகவே பயன்பட்டன. பதக்கத்தில் ஆரம்பித்த கதை நினைவுச் சின்னத்தில் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். நீண்ட நாவலோ தொடர்கதையோ எழுத நினைப்பவர்கள் அந்த வகுப்புகளைப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

என்னைக் கெடுத்தது வேறொரு கட்டளை. 'சொல்லாதே, காட்டு.' எழுத்துக் குறிப்பு தரும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இது இருக்கிறது. தமிழில் பேசும் காணொளிகளிலும் இருக்கிறது. 'அவர் வருத்தப்பட்டார் என்று எழுதாதீர்கள், கை நடுங்குவதைக் காட்டுங்கள்.' என் கதையில் அந்தக் கை நடுங்கியதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கட்டளை இலக்கியத்தின் இயற்கை விதி என்றுதான் நம்பியிருந்தேன். அதற்கும் ஓர் ஊரும் காலமும் உண்டு. ஹென்றி ஜேம்ஸின் நாவல் முறையை முன்மாதிரியாகக் கொண்டு பெர்சி லப்பக் 1921-இல் எழுதிய 'தி கிராஃப்ட் ஆஃப் ஃபிக்‌ஷன்' புத்தகம்தான் காட்டுவதைச் சொல்வதற்கு மேலே தூக்கி வைத்ததில் பெரிய பங்கு வகித்தது. வெய்ன் பூத் 1961-இல் 'தி ரெட்டரிக் ஆஃப் ஃபிக்‌ஷன்' எழுதியபோது அதன் ஆரம்பத்திலேயே இந்தப் பிரிவினையைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஆங்கில விமர்சனத்துக்குள்ளேயே 40 வருஷத்தில் ஆட்டம் கண்ட ஒரு கருத்து இன்று நம் கைப்பேசியில் வேதவாக்காக வந்து இறங்குகிறது.

அதை மறுக்க நாம் லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை. மூலக்குளத்திலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் போனால் லாஸ்பேட்டை. கடைசிக் காலத்தில் கி. ராஜநாராயணன் இருந்த பகுதி அது. இடைசெவலில் பிறந்த அவர், புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்து இங்கே வந்தார். 2021 மே 17 அன்று இங்கேயே காலமானார். 'கோபல்ல கிராமம்' முழுக்கச் 'சொல்வது'தான். கூடி உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒருவர் ஆற அமரப் பேசுகிற மாதிரி, நடுவில் நிறுத்தி, கிளைக்கதைக்குள் போய், திரும்பி வந்து சொல்வது. அந்த நாவலுக்கு 'காட்டு' விதியைப் பிடித்து மார்க் போட்டால் பாதிப் பக்கங்களுக்குச் சிவப்புக் கோடுதான். சொல்கிற குரல் இருக்கிறதே, அதுதான் அங்கே ஊரைக் காட்டுகிறது. என் கதை குரலை எடுத்துவிட்டு, காட்சியை மட்டும் வைத்துக்கொண்டது. குரல் போனதும் ஊரும் கூடவே போய்விட்டது.

*

அப்படியானால் இணையத்தில் எதைத்தான் பார்ப்பது? என் பதில், குறிப்புகளைக் குறைத்துக்கொண்டு கிடங்குகளுக்குப் போங்கள் என்பது.

முதலில் மதுரைத் திட்டம். 1998-இல் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து உருவாக்கியது. சங்க நூல் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. புதுமைப்பித்தனும் கல்கியும் அங்கே இருக்கிறார்கள். அடுத்தது 'அழியாச்சுடர்கள்'. பெயரே மௌனியின் கதைத் தலைப்பை நினைவுபடுத்தும். நவீனத் தமிழ்ச் சிறுகதையின் முக்கியமான பெயர்களை ஒரே இடத்தில் முதன்முதலாக நான் பார்த்தது அங்கேதான். மூன்றாவதாக நூலகம் தளம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், 2005-இல் தொடங்கிய இந்த மின்னூலகத்தின் கனம் புரியும். டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஒரு கதையைத் தொகுப்பில் படிப்பது வேறு. அது வெளிவந்த இதழில், பக்கத்து விளம்பரத்தோடும் வாசகர் கடிதத்தோடும் படிப்பது வேறு. யாருக்காக எழுதப்பட்டது என்பது இரண்டாவதில்தான் தெரிகிறது.

சொல்லுக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரு சொல்லைத் தேடப் போய் பத்துச் சொல்லோடு திரும்புவேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736-இல் தொடங்கி 1761 வரை போகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் 12 தொகுதிகளும் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் படித்தால் அது கவர்னர், வியாபாரம், யுத்தம் பற்றிய ஆவணம். தமிழில் படித்தால் ஒரு மனுஷர் பேசுகிறார். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் அதிலிருந்துதான் எடுத்தார். இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. சரக்கு என்ன விலைக்குப் போனது, யார் யாரிடம் கோள் சொன்னார்கள் என்று ஒருவர் எழுதி வைத்ததை 250 வருஷம் கழித்து இன்னொருவர் நாவலாக்கியிருக்கிறார். எழுத்துப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்காத இதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

*

கிடங்குகளிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத விஷயங்கள் உண்டு. இணையத்தில் சுற்றும் பல கதைகளில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பே இருக்காது. பத்தி பிரிப்பு மாறியிருக்கும், ஒற்று போயிருக்கும், சில நேரம் ஒரு வரியே காணாமல் போயிருக்கும். புதுமைப்பித்தன் கதைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி 2000-இல் காலச்சுவடு வழியாகச் செம்பதிப்பாகக் கொண்டுவந்தபோது, எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது, பாடம் எங்கே மாறுகிறது என்றெல்லாம் குறித்தார். ஒரு வாக்கியத்தின் நடையை வைத்து நீங்கள் பாடம் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அந்த வாக்கியம் அவர் எழுதியதுதானா என்று தெரிய வேண்டாமா?

காணொளிக்கும் இது பொருந்தும். பவா செல்லதுரை கதை சொல்லிக் கேட்டுத்தான் நான் பல எழுத்தாளர்களிடம் போனேன். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அங்கே நாம் கேட்பது பவாவின் குரலை, பவாவின் வாக்கியங்களை. வாசகருக்கு அது ஒரு வாசல். எழுத வந்தவர் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால் கஷ்டம். நியூயார்க்கர் இதழின் புனைவு ஒலித்தொடரில் ஓர் எழுத்தாளர் தனக்குப் பிடித்த இன்னொருவரின் கதையை வரி மாறாமல் வாசித்துவிட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசுகிறார். 2007-இலிருந்து வருகிறது. இதேபோலத் தமிழ்க் கதைகளும் முழுசாக வாசிக்கப்பட்டுப் பேசப்பட வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெலிகிராமில் பிடிஎஃப். நானும் இறக்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனைத் தாராளமாக இறக்கலாம். போன வருஷம் நாவல் எழுதியவரை இறக்கினால் நாளைக்கு நம் புத்தகத்துக்கும் அதே கதிதான். எழுதிச் சம்பாதிக்க முடியாது என்று புலம்பிக்கொண்டே இதையும் செய்கிறோம்.

*

இவ்வளவு தேடியும் 'சொல்தா' தாத்தாவுக்கான பாதிச் சொற்கள் எந்தத் தளத்திலும் எனக்கு அகப்படவில்லை. அவருடைய பென்ஷன் பேச்சு, பத்திரம் எழுதப் போகும் நொத்தேர், நகராட்சிக் கட்டடத்தை 'மேரி' என்று அவர் சொல்லும் விதம், இதெல்லாம் தெருவில்தான் இருந்தது. இந்த இடத்திலும் கி.ரா.தான் வழி காட்டினார். கரிசல் சொற்கள் அகராதியில் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தானே ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். முதல் கதை அச்சில் வந்தபோதே அவருக்கு முப்பது வயசு தாண்டியிருந்தது. அவசரப்படாத மனுஷர்.

நானும் கைப்பேசியில் ஒரு பட்டியல் ஆரம்பித்தேன். தாத்தா இப்போது இல்லை. அவர் வீட்டு ஆயாவிடம்தான் போய் உட்கார்வேன். ஒருநாள் கதையின் முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், பதக்கம் குத்தும் இடம் வந்ததும் நிறுத்தினார். "அவரு எங்க குத்துனாரு? கை வராது. நாந்தான் குத்துவேன், அவரு திட்டிக்கிட்டே நிப்பாரு."

கை லேசாக நடுங்குகிறது என்ற வரியை அன்றைக்கு ராத்திரி அடித்தேன். கதை இப்போது ஆயா பேசுவதாக ஆரம்பிக்கிறது. பாதி வரைக்கும் வந்திருக்கிறேன். முடித்ததும் அதே நண்பனுக்குத்தான் முதலில் அனுப்பப் போகிறேன்.