படியெடுத்தலும் பெயர்த்தலும்: அஜந்தா ஓவியப் படிகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஓவியப் படியை மூலத்தின் நிழலாகக் கருதும் போக்கு கலை வரலாற்றில் வலுவாக உள்ளது. மொழிபெயர்ப்புப் பற்றியும் இத்தகைய கருத்து நிலவுவதை மொழியியலார் அறிவர். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய அஜந்தாப் படிகள் தக்க சான்றாகும்.

ஐதராபாத்தின் மல்காஜ்கிரி வழியே மன்மாடு செல்லும் இருப்புப்பாதை, சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றப்பெற்ற ஔரங்காபாத்தைத் தொடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் அஜந்தாக் குகைகள் உள்ளன. ஐதராபாத்தும் ஔரங்காபாத்தும் அஜந்தாவும் முன்னர் நிசாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1844 முதல் இராபர்ட் கில் எழுதிய படிகளுள் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் தீவிபத்தில் அழிந்தன. பின்னர் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களுடன் ஜான் கிரிஃபித்ஸ் எடுத்த படிகளுள் பலவும் 1885இல் தீக்கிரையாயின. இவ்விருவர் படிகளும் எண்ணெய் வண்ணத்தில் அமைந்தவை. அஜந்தாச் சுவர்களோ உலர்ந்த சுதைமீது பசை கலந்த வண்ணத்தால் எழுதப்பெற்றவை. இவற்றில் பொருள் பெயர்க்கப்பட்டது. நடை பெயர்க்கப்படவில்லை எனலாம்.

1909-1911 ஆண்டுகளில் படியெடுத்த கிறிஸ்டியானா ஹெரிங்காம் ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஆவார். சென்னினோ சென்னினியின் இத்தாலிய ஓவியநூலை அவர் 1899இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் செய்முறைகளைத் தாமே செய்தும் பார்த்தார். வெண்சுதைமீது செங்கோட்டால் முதலில் உருவம் வரையும் அஜந்தா முறையை அவர் நுட்பமாகக் கண்டறிந்தமைக்கு இப்பயிற்சியும் துணைநின்றிருக்கலாம். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் ‘புனையா ஓவியம்’ எனத் தனிச்சொல்லால் குறித்த தமிழ் மரபினர்க்கு இதன் சிறப்பு எளிதில் விளங்கும்.

அப்பயணத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், வெங்கடப்பா முதலிய இளைஞர்களும், ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அகமதுவும் பங்கேற்றனர். அவர்களுக்குப் படியெடுத்தலே கல்வியாயிற்று. சிதைந்த இடத்தில் கோடு எங்கே திரும்புகிறது என்பதை முடிவு செய்யாமல் படியெடுப்பவரின் கை நகராது. ஏட்டுச்சுவடியில் பாடம் தேர்பவரின் நிலையும் இதுவே. குலாம் யஸ்தானி 1930-1955இல் வெளியிட்ட, ஒளிப்படத்தை அடிப்படையாகக் கொண்ட தொகுதிகள் ஆவணம் என்னும் வகையில் நம்பகமானவை. ஆயினும் ஒளிப்படம் கறையையும் கோட்டையும் வேறுபடுத்துவதில்லை. வேறுபடுத்துவது வாசிப்பு, வாசிப்பில் பிழையும் நேரும். எனவே படியை மூலத்திற்கு ஈடாகக் கொள்ளாது, ஒரு வாசிப்பின் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

1915இல் இலண்டனில் வெளிவந்த நூலின் தலைப்பு, படிகளை ஹெரிங்காமும் ‘அவருடைய உதவியாளர்களும்’ எடுத்ததாகக் கூறுகிறது. ஒவ்வொரு படியும் ஒரு வாசிப்பு எனின், வாசித்தவர் பெயரைப் பொதுச்சொல்லில் அடக்குவது மரியாதைக் குறைவு மட்டுமன்று. ஆய்வுக் குறைபாடும் ஆகும். எவர் கண்ட கோடு என்று அறியாமல் அக்கோட்டை மதிப்பிட இயலாது. மொழிபெயர்ப்பாளர் பெயரின்றி வெளிவரும் நூல்களுக்கும் இது பொருந்தும்.