எத்தனை எம்பிபிஎஸ் போதும்?

வீட்டுக்கு நெட் வாங்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான்: 40, 100, 200, 300. எண் ஏற ஏற மாதக் கட்டணமும் ஏறும். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. விளம்பரத்தில் 799 ரூபாய் என்றிருக்கும் பிளான் பில்லில் 942 ரூபாய் 82 காசாக வந்து நிற்கும். அந்த எண் தன் விலைக்குத் தகுந்த பயனைத் தருகிறதா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நெட்டின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். நாம் இறக்கும் கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், ஒரு ஜிபி படம் இறங்க 80 நொடி. இனி ஒரு வீட்டின் மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். கூடத்து டிவியில் 4கே படம் ஓடுகிறது. நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் அளவுப்படி அதற்கு 15 எம்பிபிஎஸ். இரண்டு போன்களில் முழு எச்டி வீடியோ, தலைக்கு 5. அறையில் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார், அதற்கு 4. ஆன்லைன் விளையாட்டுக்கு ஒன்றுகூட வேண்டியதில்லை. எல்லாம் கூட்டினாலும் 30ஐத் தொட்டு நிற்கிறது. 40 எம்பிபிஎஸ் பிளானே இதைத் தாங்கும். 100 இருந்தால் தாராளம்.

அப்படியானால் 300 யாருக்கு? 100 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்க, 100 எம்பிபிஎஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். 300இல் முக்கால் மணி நேரம். கல்யாண வீடியோ எடிட் செய்து வாரந்தோறும் பெரிய கோப்புகளை அனுப்புகிறவருக்கு அது பிழைப்புக்கான நேரம். அவர் கூடுதலாகக் கட்டும் பணம் நியாயமானது. சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற வீட்டுக்கு அந்த வேகம் கண்ணிலேயே படாது.

பிறகு ஏன் இத்தனை வீடுகளில் படம் நடுவில் நின்று சுற்றுகிறது? முதல் காரணம் வைஃபை. ஃபைபர் பாக்ஸை வாசல் பக்கமோ டிவிக்குப் பின்னாலோ மாட்டிவிட்டுப் போகிறார்கள். படுக்கையறை இரண்டு சுவர் தள்ளி இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட்டைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்; ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. அடுக்குமாடியில் அந்த மூன்றுக்குள்தான் எல்லா வீடுகளும் நெருக்கியடிக்கின்றன. பழைய ரவுட்டராக இருந்தால் அதன் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். 300 பிளான் போட்டும் பயனில்லை. லேப்டாப்பை லேன் கேபிளில் பாக்ஸோடு இணைத்து ஒரு முறை, படுக்கையறை வைஃபையில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பிளானை மாற்றுவது வீண்செலவு.

இரண்டாவது காரணம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. மீட்டிங் நடக்கும் நேரத்தில் வேறொரு போன் அன்று எடுத்த வீடியோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்குகிறது. அப்லோட் பாதை நிரம்பிவிடுகிறது. பாக்ஸுக்குள் நீண்ட வரிசை சேர்ந்து, பேச்சைச் சுமக்கும் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் அந்த வீடியோவின் பின்னால் காத்து நிற்கின்றன. எதிர்முனையில் குரல் உடைந்து கேட்கிறது. ஏற்றம் முடிந்தபின் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 முழுசாக வரும். கம்பெனி தன்மேல் தவறில்லை என்று சொல்லிவிடும். ஃபாஸ்ட் டாட் காம் தளத்தின் விரிவான முடிவில், சும்மா இருக்கும்போது வரும் தாமதம், சுமை ஏறும்போது வரும் தாமதம் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 10 மில்லி நொடியாகவும் இரண்டாவது 300 ஆகவும் இருந்தால் குற்றவாளி அங்கே இருக்கிறான். வேகமான பிளான் போட்டால் ஏற்றம் சீக்கிரம் முடியும், நோய் தீராது. வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதியுள்ள ரவுட்டர் தீர்க்கும். பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்தாலும் போதும், செலவே இல்லை.

ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் நமக்கு மிக அருகிலுள்ள சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபரில் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, பயன்பாடு குறைவாக இருக்கும் காலை பதினோரு மணிக்கு வரும் எண்ணை நம்பாதீர்கள். இரவு எட்டிலிருந்து பத்துக்குள் வருவதுதான் உண்மை.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. பல ஃபைபர் பிளான்களில் அது மாதம் 3300 ஜிபி. 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை எடுக்கும். அந்தக் கணக்கில் நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் எல்லை வரும். ஃபைபர் வீடு இதற்காகக் கவலைப்பட வேண்டாம். வானலை வழியாக வரும் ஏர்ஃபைபரில் 1000 ஜிபி எல்லையுள்ள பிளான்கள் உண்டு; அங்கே கூட்டுக்குடும்பம் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அப்லோடும் அதில் பொதுவாகக் குறைவு. ஃபைபர் வராத தெருவுக்கு அது நல்ல வழி. வருகிற தெருவில் முதல் தேர்வாகாது.

2023 ஜனவரியில்தான் இந்திய அரசு பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அந்த அளவுகோல் இறக்கத்துக்கு 100, ஏற்றத்துக்கு 20 என்று உயர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து அங்குள்ள பெரிய கம்பெனிகள் வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் தாமதத்தையும் பிளானோடு சேர்த்து அச்சிட்டுக் காட்ட வேண்டும். நமக்கு உடனே வேண்டியது இந்த இரண்டாவது விதிதான்.

என் தீர்ப்பு இது. இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 40 அல்லது 50 எம்பிபிஎஸ் ஃபைபர், நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 100. அதற்கு மேல், பெரிய கோப்புகளே தொழிலாக உள்ளவருக்கு மட்டும். மாதம் 200 ரூபாய் குறைந்த பிளானில் நின்றால் வரியோடு ஆண்டுக்கு 2832 ரூபாய் மிச்சம். அதை நல்ல டூயல் பேண்ட் ரவுட்டருக்குக் கொடுங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் பாக்ஸுக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸும் வேண்டும். ஓடிடி இலவசம் என்பதற்காக மேல் பிளானுக்குப் போக நினைத்தால், அந்த ஓடிடிகளில் எதற்கு நீங்கள் தனியாகக் காசு கட்டியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டுவதற்கு முன், ஒரு மாதம் மட்டும் கட்டி இரவு நேரத்தில் சோதியுங்கள். இரண்டு கம்பெனிகள் சமமாகத் தெரிந்தால் அதே கட்டடத்தில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்: பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார்?