யாங்கியெலின் நரம்பும் விபுலாநந்தரின் யாழும்

போலந்து நாட்டுப் பெருங்கவிஞர் ஆடம் மிட்ஸ்கியேவிச் இயற்றிய 'பான் ததேயுஷ்' என்னும் காவியம் 1834 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் வெளிவந்தது. அக்காலத்தில் உலகப் படத்திலே போலந்து என்றொரு தனியரசு இல்லை. அயல் வல்லரசுகள் மூன்று 1772 முதல் 1795 வரை மும்முறை அதனைக் கூறிட்டுத் தமக்குட் பகிர்ந்துகொண்டன. 1918 ஆம் ஆண்டிலேதான் அது மீண்டும் தன்னுரிமை பெற்றது. அரசும் படையும் கொடியும் இழந்த அம்மக்களுக்குத் தம் பண்பாட்டைக் கொண்டாடுதற்குப் பாட்டும் இசையுமே களமாயின. அக்கொண்டாட்டம் எத்தகையது என்பதனை அறிய விரும்புவோர் இக்காவியத்தின் பன்னிரண்டாம் பகுதியை நோக்குதல் தகும்.

கதை நிகழும் ஆண்டு 1812. நெப்போலியனின் படையோடு போலந்து வீரர்கள் லிதுவேனியாவின் சிற்றூர் ஒன்றினுட் புகுகின்றனர். விடுதலை அணித்தே உளது என எல்லோரும் நம்பிய நாள் அது. மணவுறுதி விருந்தொன்று நிகழ்கின்றது. ஊரிலே சாராயச் சத்திரம் நடத்தும் யாங்கியெல் என்னும் யூத முதியவன், மணமகளாகும் சோஷா இரந்து வேண்டத் தன் கருவியை எடுக்கின்றான். தந்திகளைப் பரப்பிக் கட்டிச் சிறு கோல்களால் தட்டி ஒலிப்பிக்கும் அக்கருவி வடநாட்டுச் சந்தூரை ஒத்தது. முதலில், 1791 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் நாள் இயற்றப்பெற்ற அரசியலமைப்பினைப் போற்றும் ஆடலிசை எழுகின்றது. கேட்டோர் களிகொள்கின்றனர். அவ்வேளை, இசையின் நடுவே ஒரு நரம்பு பிழைபட ஒலிக்கின்றது. மீண்டும் ஒலிக்கின்றது. கருவி சுருதி இழந்ததோ, கலைஞன் தவறினானோ எனச் சுற்றத்தார் ஐயுறுகின்றனர். அவன் தவறினானல்லன். 1792 ஆம் ஆண்டிலே தம் நாட்டை அயலரசிக்குக் காட்டிக்கொடுத்த போலந்துப் பெருங்குடியினரின் கூட்டுச்சதியையே அந்நரம்பு சுட்டுகின்றது. முதிய ஊழியன் ஒருவன் அதனை உணர்ந்து அச்சதியின் பெயரைக் கூவுகின்றான். நரம்பு அறுகின்றது. பின்னர் வார்சாவின் புறநகரில் 1794 இல் நிகழ்ந்த படுகொலையும், நாடிழந்து அலைந்த போர்வீரனின் துயரும் ஒலித்து, இறுதியிலே தொம்புரோவ்ஸ்கியின் மசூர்க்கா முழங்குகின்றது. 1797 இல் இத்தாலியிலே பிறந்த அப்பாட்டுத்தான் பிற்காலத்திற் போலந்தின் நாட்டுப்பண் ஆயிற்று.

ஈண்டு வியத்தற்குரியது அப்பிழை நரம்பே. ஓர் இனம் தன்னைப் போற்றிக்கொள்ளும் விழாவிலே, தன் மக்களுட் சிலர் செய்த இழிசெயலையும் இசையாக்கி அவையில் வைத்தது. வைத்தவனும் அந்நாட்டுப் பெருங்குடியினன் அல்லன். புறத்தவனாக எண்ணப்பட்ட யூதன். இன்னிசையே இசை என்று கொள்வோர்க்கு இவ்வமைதி விளங்குதல் அரிது.

காவியம் வெளிவந்த காலத்திலே பாரிசில் வாழ்ந்த மற்றொரு போலந்தினர் பிரடெரிக் சொப்பின். 1810 இற் பிறந்து, 1830 இலே தாயகம் நீங்கி, 1849 இல் மறையும் வரையும் திரும்பாதவர். இளமையிலே கோடை விடுமுறையில் ஷபார்னியா என்னும் ஊரிற் கேட்ட உழவர் ஆடலிசை அவருடைய பியானோவில் ஐம்பதுக்கு மேற்பட்ட மசூர்க்காக்களாக உருப்பெற்றது. மூன்றடித் தாளத்தில் இரண்டாம் அடியிலோ மூன்றாம் அடியிலோ அழுத்தம் விழும் அம்மெட்டுகள் ஆடுதற்கு உரியனவாய் எழுந்தவை அல்ல. ஆடிய களத்தை இழந்தவன் நினைந்து நினைந்து மீட்டுவன. அவருடைய 'பலாட்' என்னும் இசையுருக்கள் நான்கும் மிட்ஸ்கியேவிச்சின் இன்ன இன்ன பாடலின் பொருளன என ஒன்றுக்கொன்று பொருத்திக்காட்ட முயல்வோர் உளர். அது வீண்முயற்சி. சொப்பின் தம் இசைக்குக் கதை எழுதி வைத்தாரல்லர். சொல் துணையின்றியே அவ்விசையின் பொருளை அறிந்தோர் பலர், பகைவரும் அறிந்தனர். 1940 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள் ஜெர்மானிய நாசிகள் வார்சாப் பூங்காவிலிருந்த சொப்பின் சிலையை வெடிவைத்துத் தகர்த்தமைக்குக் காரணம் வேறு யாது? 1958 இற் சிலை மீள நிறுவப்பெற்றது; மறு ஆண்டு முதலாகக் கோடை ஞாயிறுகளில் அதன் அடியிலே பியானோ இசை நிகழ்ந்து வருகின்றது.

தமிழகத்திலும் ஈழத்திலும் இசையையும் கவிதையையும் ஒருங்கு வைத்து இனத்தின் பண்பாட்டைக் கொண்டாடிய பெருஞ்செயல் ஒன்று தேடின், விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' முன்னிற்கும். மட்டக்களப்பிலிருந்து தெற்கே களுதாவளையையும் கல்முனையையும் ஊடறுத்துச் செல்லும் கடற்கரைப் பெருவழியில் உள்ள காரைதீவிலே 1892 இற் பிறந்தவர் அடிகள். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளுக்கு விளக்கமாகத் தொடங்கிய ஆராய்ச்சியே, யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் என விரிந்து பெருநூலாயிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அது அரங்கேறியது. அடுத்த ஜூலை 19 ஆம் நாள் அடிகள் மறைந்தார். கவிதையடிகளைக் கணக்கியலால் அளந்து, வழக்கொழிந்த கருவியை மீட்டெடுத்த அவ்வுழைப்பு மிட்ஸ்கியேவிச் செய்ததற்கு மறுதலையானது. அவர் கருவியைக் கவிதையினுள் வைத்தார். இவர் கவிதையினின்றும் கருவியை வெளிக்கொணர்ந்தார்.

ஆயினும் யாழ் நூலைப் போற்றும் மேடைகளிலே ஒரு குறை காணப்படும். யாழின் இனிமையே அங்குப் பேசப்படுகின்றது. இளங்கோவின் யாழோ இனிமை மட்டும் உடையதன்று. புகாரின் கடற்கரையில், இந்திர விழாவின் முடிவிலே, மாதவி யாழைச் செவ்விதாக்கிக் கோவலன் கையில் நீட்டுகின்றாள். அவன் பாடுகின்றான், அவன் மனம் பிறள்பாற் சென்றது என எண்ணி, யாழை வாங்கி, தானும் ஒருவன்மேல் மனம் வைத்தாள்போற் பாடுகின்றாள். அவன் அதனை மெய்யெனக் கொண்டு எழுந்து போகின்றான். சுருதி பிழையாத யாழ், பாட்டிலும் வழுவில்லை, பிழைத்தவை இரண்டு நெஞ்சங்கள். யாங்கியெலின் நரம்பு வேண்டுமென்றே பிழைத்து உண்மையைக் கூறிற்று. மாதவியின் நரம்பு பிழையாது ஒலித்தும் பொய்யாகிக் கேட்டை விளைத்தது. கருவியையும் பண்ணையும் துணிதலே அடிகளின் நோக்கமாதலின், இதனை அவர்பால் எதிர்பார்த்தல் முறையன்று. அவர்க்குப் பின்வந்தோர் இதனை ஆராய்ந்திருத்தல் வேண்டும்.

மேடைகள் விட்டதனை அடிகள் பிறந்த நாட்டுக் கோயில்கள் விடவில்லை. காரைதீவிலும், களுதாவளைக்கு அணித்தான செட்டிபாளையத்திலும், எழுவான்கரையின் பிற ஊர்களிலும் வைகாசியிற் கண்ணகியம்மன் கதவு திறந்து குளிர்த்தி பாடும் நாள்களில் 'கண்ணகி வழக்குரை' படிக்கப்பெறுகின்றது. தெய்வத்தின் விழாவிலே முழுமையாகக் கேட்கப்படுவது ஒரு தமிழ் வேந்தனின் பிழைத்த தீர்ப்பு. அது மறைக்கப்படுவதுமில்லை; விரைந்து கடக்கப்படுவதுமில்லை. மூதூர் எரிந்த சினம் படிப்போர் குரலில் ஏறி நின்ற பின்னரே குளிர்த்திப் பாடல் தொடங்குகின்றது.