மருமகன் என்ற சொல்லுக்குள் ஒரு மகள்

அமெரிக்கப் பெருநிலத்தின் முதல் முழுநேர ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையத்தின் கதை எங்கே சொல்லப்பட்டாலும் ஒரு வம்சாவளிப் பட்டியலாகவே வந்து சேர்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ரவுல் கோர்தெஸ் 1946இல் கே.சி.ஓ.ஆர். வானொலியைத் தொடங்கினார், 1955இல் அதே பெயரில் தொலைக்காட்சியைத் தொடங்கினார், மருமகன் எமிலியோ நிக்கோலஸ் உடனிருந்தார். 1961இல் நிலையத்தை வாங்கிய குழுவில் மெக்சிகோவின் ஒளிபரப்பு முதலாளி எமிலியோ அஸ்காரகா இருந்தார், மருமகனும் இருந்தார். அஸ்காரகாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். இதற்கிடையில் நிலையத்திலிருந்து ஒரு வலையமைப்பு கிளைத்து, அது யூனிவிஷன் என்று பெயர் மாறி, 2022இல் மெக்சிகோவின் தெலெவிசாவோடு ஒன்றாகிவிட்டது. மாமனார், மருமகன், மகன், பேரன்: பொறுப்பு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது துல்லியமாகத் தெரிகிறது. மருமகன் என்றால் நடுவில் ஒரு மகள் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் அந்த வாக்கியங்களுக்குத் தோன்றுவதில்லை.

கோர்தெஸை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. வெராக்ரூஸில் பிறந்து, ‘லா பிரென்சா’ நாளிதழில் வேலை பார்த்து, பிற நிலையங்களில் நேரம் வாங்கி நிகழ்ச்சி நடத்தி மேலே வந்தவர் அவர். 1944இல் வானொலி உரிமம் கேட்டபோது, போர் முயற்சிக்கு மெக்சிக அமெரிக்கர்களைத் திரட்ட உதவும் என்று காரணம் சொன்னார். ஒரு சமூகத்தின் மொழி காற்றில் ஏற அந்த நாட்டின் ராணுவத் தேவையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்த காலம் அது. மெக்சிகக் குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கிவைத்ததற்கு எதிராக லூலாக் அமைப்பு நடத்திய வழக்கில் 1948இல் தீர்ப்பு வந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவரும் அவர்தான். இவ்வளவும் மரியாதைக்குரியவை. நான் கேட்பது வேறு: இந்த நிலையத்தை எதிரே உட்கார்ந்து பார்த்தவர் யார்? வரலாறு அவரை எங்கே உட்கார வைத்திருக்கிறது?

லாரேடோ எல்லைப் பாலத்திலிருந்து சுமார் 150 மைல் உள்ளே இருக்கிறது சான் அன்டோனியோ. அதன் மேற்குப் பகுதி மெக்சிகர்களின் குடியிருப்பு. 1938இல் அங்கே ஏறத்தாழ 12,000 பெக்கான் கொட்டைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்தால் பவுண்டுக்குச் சில சென்ட் கூலி. அதையும் முதலாளிகள் குறைத்தார்கள். போராட்டத்தின் முகமாக நின்ற எம்மா தெனயுகாவுக்கு அப்போது 21 வயது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் அந்த ஊரில் வாழவே முடியாமல் வெளியேற வேண்டியிருந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததும் ஆலைகள் இயந்திரங்களைக் கொண்டுவந்து பெண்களை வீட்டுக்கு அனுப்பின. 17 ஆண்டுகள் கழித்து அந்த வீடுகளை நோக்கித்தான் 41ஆம் அலைவரிசை ஒளிபரப்பத் தொடங்கியது.

41 என்ற எண்ணில்தான் சிக்கல். அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பாலானவை 2 முதல் 13 வரையிலான அலைவரிசைகளை மட்டுமே பிடிக்கும். அதற்கு மேலுள்ள யு.எச்.எஃப். வரிசையைப் பார்க்க ஒரு மாற்றிப்பெட்டியும் தனி ஆன்டெனாவும் வாங்க வேண்டும். எல்லாப் பெட்டிகளும் எல்லா அலைவரிசைகளையும் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் 1962இல் இயற்றப்பட்டு 1964இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம் பார்ப்பவருக்குப் பெட்டியின் விலையோடு கணக்கு முடிந்தது. தாய்மொழியில் பார்க்க விரும்பியவருக்கு அதற்கு மேலும் ஒரு செலவு. மொழிவரி என்றே சொல்லலாம். சமையலறைச் செலவைச் சென்ட் சென்ட்டாக எண்ணுகிற வீட்டில் அந்தச் செலவை எங்கிருந்து ஈடுகட்டியிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கினார்கள் என்பதுதான் விசேஷம். நிலையத்துக்கு மேற்குப் பகுதியில் நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் நிக்கோலஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, பார்வையாளர்களைக் கணக்கெடுத்தபோது விளம்பரதாரர்கள் இந்தப் பார்வையாளர்களைப் பொருட்படுத்தவே இல்லை. இருக்கிறார்கள், பார்க்கிறார்கள், சோப்பும் மாவும் வாங்குகிறார்கள். எண்ணிக்கையில் மட்டும் இல்லை. வீட்டு வேலையை உழைப்பாக எண்ணாத பொருளாதாரத்தைப் பற்றிப் பெண்ணியம் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. இங்கே பார்ப்பதுகூடக் கணக்கில் வரவில்லை. கே.சி.ஓ.ஆர். தொலைக்காட்சி நொடித்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: யு.எச்.எஃப்., விளம்பரப் பற்றாக்குறை, மெக்சிகோவிலிருந்து கலைஞர்களை வரவழைத்த செலவு. முதல் இரண்டும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள் என்பேன். எண்ணத் தகுந்தவர் யார் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிலையம் பிறப்பதற்கு முன்பே ஒரு மாவு ஆலை இவர்களை எண்ணியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் ‘புஸ்காண்டோ எஸ்த்ரேயாஸ்’, அதாவது நட்சத்திரங்களைத் தேடுகிறோம் என்றொரு திறமைத் தேடல் நிகழ்ச்சி, ஆங்கில நிலையங்களில் நேரம் வாடகைக்கு எடுத்து நடந்தது. சான் அன்டோனியோ, கார்ப்பஸ் கிறிஸ்டி, ஹார்லிங்கன், லாரேடோ என்று ஊர் ஊராகச் சுற்றிய அந்த நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது பயனியர் மாவு ஆலை. தினமும் தொர்தியா தட்டுகிற கைகள் எத்தனை என்பது மாவு விற்பவனுக்குத் தெரியும்.

கே.சி.ஓ.ஆர். மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை ஒளிபரப்பியது. தொடக்கத்தில் ஏறக்குறைய பாதி நிகழ்ச்சிகள் நேரலை. பலவும் வானொலி அரங்கிலேயே நடந்து இரண்டிலும் ஒரே நேரத்தில் போயின. மீதி பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த திரைப்படங்கள். அந்த நேரலைப் பாதியைத்தான் நான் இந்த வரலாற்றின் இதயமாகக் கருதுகிறேன். 1961க்குப் பிறகு, கே.டபிள்யூ.இ.எக்ஸ். என்று பெயர் மாறிய நிலையம் பிழைத்தது. 1962இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தங்கை நிலையம் வந்தது. 1976இல் வலையமைப்பின் நிலையங்கள் செயற்கைக்கோளால் இணைக்கப்பட்டன, ஆங்கில வலையமைப்புகளுக்கு முன்பே. பிழைப்பதற்குக் கொடுத்த விலை, மெக்சிகோ நகரத்தில் தயாரான நாடகத் தொடர்களின் விற்பனை வாசலாக மாறியது. வெளுத்த தோல் கதாநாயகி, பணக்கார வீட்டில் துன்புறும் ஏழைப்பெண், கடைசியில் கல்யாணம். பெக்கான் உடைத்த பெண்ணின் மகள் தன் மொழியைக் கேட்டாள். தன் ஊரின் பேச்சையும் தன் முகத்தையும் காண்பது அவளுக்கு அரிதாயிற்று.

1986இல் அரசின் ஒளிபரப்பு ஆணைய நீதிபதி ஒருவர், வெளிநாட்டுக் கட்டுப்பாடு சட்ட வரம்பை மீறியது என்று கூறி இந்த நிலையங்களின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தார். நிலையங்களை வாழ்த்து அட்டை நிறுவனமான ஹால்மார்க் வாங்கியது. உரிமையாளர் எந்த நாட்டவர் என்பதே அங்கு எழுந்த கேள்வி. திரையில் யாருடைய ஸ்பானியம் ஒலிக்கிறது என்று எந்த ஆணையமும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. வலையமைப்பு யூனிவிஷன் என்று பெயர் சூட்டிக்கொண்ட அதே 1987இல் குளோரியா அன்ஸால்துவாவின் ‘பார்டர்லேண்ட்ஸ்’ வெளியானது. எல்லையோர ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், ஸ்பானியம் பேசினால் பள்ளியில் தண்டனை என்ற சூழலில் வளர்ந்தவர் அவர். எல்லைப்புறப் பெண்ணின் கலப்பு மொழியை ஆங்கிலேயரும் பழிக்கிறார்கள், ‘சுத்த’ ஸ்பானியக்காரர்களும் பழிக்கிறார்கள் என்பதை அவர்போல் எழுதியவர் இல்லை. அதே டெக்சஸில், ஜானி கனாலஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பதின்பருவச் செலினா வந்து நின்றார். ஆங்கிலத்தில் வளர்ந்து, ஸ்பானியப் பாடல்களை ஒலியாக மனனம் செய்து பாடியவர். அவர் தட்டுத்தடுமாறிப் பேசிய ஸ்பானியம்தான் அந்த ஊர்ப் பெண்களின் உண்மையான ஸ்பானியம். யூனிவிஷன் மரியா எலெனா சலினாஸை 30 ஆண்டுகள் செய்தி வாசிக்க வைத்ததையும் சொல்லியாக வேண்டும். அது சிறிய விஷயமல்ல. ஆனால் செய்தி வாசிப்பவர் பெண்ணாக இருப்பதும், உள்ளூர்ப் பெண்ணின் குரல் திரைக்கு வருவதும் ஒன்றல்ல.

நிலையம் பல பத்தாண்டுகள் இயங்கிய சான் அன்டோனியோ கட்டடத்தை 2013 நவம்பரில் இடித்தார்கள், அடுக்குமாடிக் குடியிருப்புக்காக. எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தது எஸ்பெரான்சா மையம். சிகானா பெண்கள் முன்னின்று 1987இல் தொடங்கிய அமைப்பு அது. மறித்தவர்கள் கைதானார்கள், கட்டடம் போயிற்று. கோர்தெஸ் குடும்பத்துக்கோ அஸ்காரகா குடும்பத்துக்கோ அந்தச் சுவர் தேவைப்படவில்லை. அவர்களுடைய வரலாறு பத்திரங்களில் பாதுகாப்பாக இருக்கிறது. எஸ்பெரான்சா பெண்கள் இப்போது மேற்குப் பகுதியின் வயதானவர்களிடம் உட்கார்ந்து, பழைய புகைப்படங்களை வாங்கி, அவற்றில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.