செரிடனின் நாடகமும் பதிப்பாசிரியர் கடனும்

நகைச்சுவை நாடகத்துக்கு உரைக்குறிப்பு எற்றுக்கு என வினவுவார் உளர். விளக்கிய அளவில் நகை மாண்டுபோம் என்பது அவர் கருத்து. அது முழுவதும் பொய்யன்று. ஆயினும், ரிச்சாட் பிறின்ஸ்லி செரிடன் இயற்றிய 'அவதூற்றுப் பள்ளி' என்னும் ஆங்கில நாடகத்தைப் பொறுத்தவரை, குறிப்புக்கு முன்னரே மூலம் யாது என்னும் வினா எழுகின்றது.

1777ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி இலண்டன் துறூரி லேன் அரங்கிலே இந்நாடகம் முதன்முதல் நடிக்கப்பெற்றது. வரைவின் இறுதியில், ஒருவாறு முடிந்ததெனச் செரிடன் இறைவனுக்கு நன்றி எழுத, நடிகர்க்கு மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் அதன்கீழ் 'ஆமென்' என வரைந்தாராம். முடிந்தது என்றவரே அதனை அச்சிட உடன்பட்டிலர். பத்தொன்பது ஆண்டு முயன்றும் நடை நிறைவு தரவில்லை என்று அவர் கூறியதாகத் தோமஸ் மூர் 1825இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு உரைக்கின்றது. 1799இல் டப்ளினில் வெளிவந்த பதிப்போ, சகோதரிக்கு அவர் அளித்த பிரதியிலிருந்து பிறந்தது.

ஒக்ஸ்போட்டிலிருந்து 1973இல் இரு தொகுதிகளாக வந்த செசில் பிறைசின் பதிப்பு, குறூ சீமாட்டிக்குச் செரிடன் அளித்த கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்டது. தக்க தேர்வே. எனினும், ஒரு பாடம் பெரிய எழுத்தில் மேலேயும் ஏனையவை சிற்றெழுத்திற் கீழேயும் நிற்கும்போது, மேலுள்ளதே முடிந்த முடிபு என மாணவன் மயங்குவான். முதல் வரைவுகளிலே தொடக்கக் காட்சியில் வேர்ஜூஸ் என்னும் பெண் இருந்தாள்; அவளிடத்தைப் பின்னர் ஸ்நேக் என்னும் ஆடவன் பெற்றான். புளிப்புச் சாறு பாம்பாயிற்று! தான் செய்த ஒரே நற்செயல் வெளிப்பட்டாற் பிழைப்புக் கெடும் என அவன் இறுதியில் அஞ்சும் அருமையான நகை இம்மாற்றத்தின் பயனாகும். இத்தகைய பாடவேறுபாட்டை வெறும் பட்டியலில் அடைத்தல் போதாது. அதன் விளைவையும் பதிப்பாசிரியர் உரைத்தல் வேண்டும்.

சொற்பொருள் கூறுவதினும் காலச் செய்தி கூறுவதே கடினமான பணி. மூன்றாம் அங்கத்தில், வட்டிக்காரனாக வேடம் பூணும் சேர் ஒலிவருக்குச் சேர் பீற்றர் ஒரு யோசனை சொல்கிறார்: ஆண்டுத்தொகை மசோதாவைச் சற்று வசைபாடலாமே என்கிறார். இன்று படிப்பவனுக்கு இவ்வரி வெறுஞ் சொல். பராயமடையாத செல்வர் மைந்தர்க்குக் கடன்கொடுத்து, ஆண்டுதோறும் பணம் பெற உடன்படிக்கை எழுதுவித்தோரைத் தடுக்கவே 1777இல் அச்சட்டம் எழுந்தது. அக்காலத்தில் இலண்டன் நகரப் பொருளாளர் பதவிக்குப் போட்டியிட்ட பெஞ்சமின் ஹொப்கின்ஸ் என்பார்மீதும் அக்குற்றச்சாட்டு இருந்தது. மோசஸ் என்னும் வட்டிக்காரன் அவரையே குறிப்பதாகக் கருதி, நாடகத்துக்கு உரிமம் முதலில் மறுக்கப்பட்டது. இதனை அறிந்தவனுக்கே அவ்வரியின் கூர்மை புலனாகும்.

திரை விழுந்து டீசிற் சீமாட்டி வெளிப்படும் நான்காம் அங்கக் காட்சிக்கோ ஒரு குறிப்பும் வேண்டா. அங்கே பக்கத்தின் அடியை வெறுமையாய் விடத் துணியும் பதிப்பாசிரியர் சிலரே.